பழைய கேம்களிலிருந்து லெவல் வரையக் கற்றுக்கொள்வது: சனிக்கிழமை வகுப்பில் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்து கேம் லெவல், அதாவது வீடியோ கேமில் ஒரு சுற்றுக்கான களம், வரைவோம். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அழிப்பான், இவ்வளவுதான் வேண்டும். பிள்ளைகள் கேட்பது, பெற்றோர் வாசலில் நிறுத்திக் கேட்பது, வெளியூர்த் தமிழர்கள் எழுதிக் கேட்பது எல்லாம் சேர்ந்து ஒரு குவியலாகிவிட்டது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

லெவல் வடிவமைப்பு என்றால் என்ன? படம் வரைவதா?

இல்லை. படம் வரைபவர் வேறு, லெவல் வரைபவர் வேறு. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், அவர் கண்ணுக்கு முதலில் எது படுகிறது, பள்ளம் எத்தனை கட்டம் அகலம், எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், எந்த இடத்தில் மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலை. வீடு கட்டுவதற்கு முன்னால் வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று யோசிப்பது போல.

நாற்பது வருடத்துக்கு முந்தைய கேமில் இன்றைக்குக் கற்க என்ன இருக்கிறது?

இதற்கு என் வீட்டுக் கதையிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சியே 1976-இல்தான் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு 'டிவி கேம்' வந்து சேர்ந்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சிக்காகச் செய்த ஃபேமிகாம் கேம் கருவியைப் பார்த்துச் செய்த நகல் அது. 'கோல்டன் சைனா' என்ற பெயரில் விற்றதை இங்கே என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூடவே வந்த கேசட்டில் பல கேம்கள் அடைத்திருக்கும். பட்டியலில் பாதி எங்களுக்குப் புரியாத எழுத்து. கையேடு கிடையாது. சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது.

ஆனாலும் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடினோம். எங்கள் ஆயாவும் விளையாடினார்கள். ஆயாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். டபுள் பீன்ஸ் உரித்துக்கொண்டே நாங்கள் மாரியோ ஆடுவதை இரண்டு மாலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள், "அந்தக் காளானை விட்டுடாதடா, அது நல்லது" என்றார்கள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு கன்ட்ரோலரை வாங்கினார்கள். யாரும் விதி சொல்லவில்லை. திரையில் எது எங்கே வைக்கப்பட்டிருந்ததோ, அதுவே ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

பழைய கேம்களிடமிருந்து நான் கற்க விரும்புவது இதைத்தான். விளக்கம் எழுத இடம் இல்லாத காலம் அது. எழுதினாலும் படிக்கத் தெரியாதவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் இடத்தை வைத்தே சொன்னார்கள்.

எல்லோரும் சூப்பர் மாரியோவின் முதல் லெவலையே காட்டுகிறார்கள். அப்படி என்ன அதில்?

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலை நானும்தான் காட்டுகிறேன். சலிக்கவே இல்லை. மெதுவாகப் போய்ப் பார்ப்போம்.

மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறார். வலப்பக்கம் முழுக்க வெட்டவெளி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கவே தோன்றாது. நான்கடி நடந்தால் மின்னுகிற ஒரு கேள்விக்குறிக் கட்டி தலைக்கு மேலே தெரிகிறது. கூடவே எதிரிலிருந்து கூம்பா என்கிற காளான் வடிவ எதிரி ஒன்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறது. இப்போது கையில் இருப்பது இரண்டே வழி: தாவ வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். செத்தாலும் நஷ்டம் இல்லை. ஆட்டம் தொடங்கி சில நொடிதான் ஆகியிருக்கிறது, திரும்ப அதே இடத்துக்கு உடனே வந்துவிடலாம். தாவினால் கூம்பா நசுங்குகிறது, அல்லது தலை கட்டியில் இடித்து நாணயம் வருகிறது. எது நடந்தாலும் ஒரு பாடம்.

காளான் வருகிற இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டியை இடித்தால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் நகர்ந்து போகிறது. இப்போதுதானே காளான் மாதிரியே இருந்த கூம்பா நம்மைக் கொன்றது, அதனால் முதல் முறை ஆடுகிறவருக்கு இதைக் கண்டாலும் பயம். காளான் தரையில் விழுந்து, முன்னால் இருக்கிற பச்சைக் குழாயில் முட்டி, நம்மை நோக்கித் திரும்பி வருகிறது. தப்பிக்கத் தாவினால் மேலே கட்டிகள் தாழ்வாக இருக்கின்றன. தலை இடித்துக் கீழே விழுவோம், பெரும்பாலும் காளான் மேலேயே. மாரியோ பெரிதாகிறார். அடடா, இது நல்லதா! அந்தக் குழாயும் தாழ்ந்த கூரையும் அங்கே தற்செயலாக இல்லை.

லெவல் முடிவை நெருங்கும்போது இரண்டு ஜோடிப் படிக்கட்டுகள் வருகின்றன. முதல் ஜோடிக்கு நடுவே வெறும் தரை. தாவத் தவறினால் கீழே நிற்போம், ஏறி மறுபடி முயலலாம். அடுத்த ஜோடி கிட்டத்தட்ட அதே வடிவம், ஆனால் நடுவே பள்ளம். தவறினால் ஓர் உயிர் போகும். ஒரே தாவலை முதலில் ஆபத்தில்லாமலும் பிறகு ஆபத்தோடும் செய்ய வைக்கிறார்கள். நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்துவாரே, அதே பொறுமை.

என் வகுப்பில் இந்த ஒரு லெவலுக்கே மூன்று சனிக்கிழமை போகிறது.

அப்படியானால் முதல் லெவலை முதலில் வரைய வேண்டுமா?

வேண்டாம். மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் பின்னால் வருகிற பகுதிகளைச் செய்து பார்த்து, எது சுவையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே தொடக்கத்தைச் செதுக்கினார்கள். ஆட்டக்காரருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நமக்கே அப்போதுதான் தெரியும். வகுப்பில் பிள்ளைகளை மூன்றாவது லெவலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கருவிகளில் ஒன்றுமே இல்லையே. வசதி இல்லாததால் செய்ததை நாம் ஏன் பின்பற்ற வேண்டும்?

வசதி குறைவுதான். மாரியோ கேசட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு பூங்கொத்துப் படம்கூட அதைவிடப் பெரிது. அதனால்தான் மேகத்தையும் புதரையும் ஒரே வடிவத்தில் வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள்.

பற்றாக்குறையிலிருந்து பிறந்த ஒரு நல்ல விஷயம் அதற்கும் முந்தையது. 1978-இல் தொமோஹிரோ நிஷிகாதோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள் வரிசை கட்டி இறங்குவார்கள். இத்தனை உருவங்களையும் நகர்த்த அன்றைய கணினிக்கு நேரம் பிடித்தது. ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்தினால் வேலை குறைந்து மிச்சம் இருப்பவர்கள் வேகமெடுத்தார்கள். கடைசி ஆள் பறப்பான். இதைக் குறை என்று திருத்தாமல் நிஷிகாதோ அப்படியே விட்டுவிட்டார். ஜெயிக்க ஜெயிக்க நெஞ்சு படபடக்கிற அந்த உணர்ச்சி இப்படித்தான் வந்தது.

இன்று நமக்கு இடத்துக்குப் பஞ்சம் இல்லை. அதனால் பஞ்சத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வகுப்பில் ஒரு லெவலுக்கு மூன்று பொருள்தான் தருவேன்: உதாரணமாக ஒரு வகைத் தளம், ஒரு வகை எதிரி, ஒரு நகரும் பலகை. நான்காவது வேண்டும் என்று கேட்டால், இந்த மூன்றையும் எத்தனை விதமாகச் சேர்த்துப் பார்த்தாய் என்று கேட்பேன். பெரும்பாலும் திரும்பிப் போய்விடுவார்கள், பத்து நிமிடத்தில் புதிதாக ஒன்றோடு வருவார்கள்.

பேக்-மேனில் ஒரே வரைபடம்தானே திரும்பத் திரும்ப வருகிறது? அதில் என்ன வடிவமைப்பு?

நல்ல கேள்வி. 1980-இல் தோரு இவதானி செய்த கேம் அது. எல்லாச் சுற்றிலும் அதே சந்துகள், 240 சிறு புள்ளிகள், மூலைக்கு ஒன்றாக 4 பெரிய புள்ளிகள். அலுக்காததற்குக் காரணம், நான்கு பேய்களும் நான்கு குணத்தோடு அந்தச் சந்துகளில் நடப்பதுதான். சிவப்புப் பேய் நேராக நம்மைத் துரத்தும். இளஞ்சிவப்பு, நாம் பார்க்கிற திசையில் நான்கு கட்டம் முன்னால் குறி வைக்கும். ஆரஞ்சு துரத்திக்கொண்டே வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். நீலம் எங்கே போகும் என்பது சிவப்பு எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரே சந்து ஒரு கணம் தப்பிக்கும் வழி, அடுத்த கணம் பொறி.

ஆகவே வெறும் சுவரை மட்டும் வரைந்து கொண்டு வராதீர்கள் என்பேன். அந்தச் சுவருக்குள் யார் எப்படி நடப்பார்கள் என்பதையும் ஓரத்தில் எழுதிக் கொண்டு வர வேண்டும்.

ஆட்டக்காரர் வழி தவறாமல் இருக்க அம்புக்குறி போடலாமா?

போடலாம், ஆனால் அது கடைசி மருந்து. அதற்கு முன்னால் செய்து பார்க்க நிறைய இருக்கிறது.

1993-இல் வந்த டூம் கேமின் முதல் லெவல் ஜான் ரொமெரோ வரைந்தது. தொடக்கத்திலேயே ஜன்னல் வழியாக வெளியே ஒரு முற்றம் தெரியும், அங்கே நீலக் கவசம் ஒன்று கிடக்கும். கண்ணுக்கு எட்டுகிறது, கைக்கு எட்டவில்லை. அதை எடுக்கும் வழி ரகசியமாக வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு ஜன்னல் போதும், ஆட்டக்காரர் தானாகவே சுவர்களைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அதே கேமில் நிறச் சாவிகளும் உண்டு. பூட்டிய சிவப்புக் கதவை முதலில் பார்த்துவிட்டவருக்கு அப்புறம் சிவப்புச் சாவி கிடைத்தால் எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாவியை முதலில் கொடுத்துவிட்டால் அது வெறும் பொருளாகப் பையில் கிடக்கும்.

நம்மிடம் இது பழைய வித்தை. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தெருக்கூத்தையும் கூடக் கொண்டுவந்தார்கள், இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பேர். கூத்தில் பெரிய வேஷம் சட்டென்று வந்து நிற்காது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல் வரும், சலங்கை கேட்கும். திரை விலகும்போது கூட்டம் முழுக்க அந்த வேஷத்துக்காகக் காத்திருக்கும். டூமின் ஜன்னல் எனக்கு அந்தத் திரையாகத்தான் தெரிகிறது.

இன்னொரு பாடம் 1986-இல் வந்த மெட்ராய்டில். அந்தக் காலத்து கேம்களில் வலப்பக்கம் ஓடிப் பழகியவர் இதிலும் வலப்பக்கம் போவார். கொஞ்ச தூரத்தில் ஒரு தாழ்ந்த துளை வழியை மறிக்கும். நிமிர்ந்து நிற்பவர் நுழைய முடியாது. தொடங்கிய இடத்திலிருந்து இடப்பக்கம் போயிருந்தால், உருண்டையாகச் சுருளும் சக்தி அங்கே காத்திருக்கிறது. இந்த உலகத்தில் திரும்பிப் போவதும் ஒரு வழி என்பதை முதல் நிமிடத்திலேயே உடம்புக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

இதன் நேர் வாரிசு 2011-இல் வந்த டார்க் சோல்ஸ். மணிக்கணக்கில் போராடி ஒரு தேவாலயத்தை அடைந்து, அங்கே ஒரு லிஃப்டில் இறங்கினால், ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஓய்வெடுத்த அதே நெருப்புக் குண்டத்தின் பக்கத்தில் வந்து நிற்போம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்த இடம் வீட்டுக்குப் பின்வாசலாக இருக்கிறது. முதல் முறை அது எனக்கு நடந்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பழைய கேம்கள் பயங்கரக் கஷ்டம். அதையும் நாம் கற்க வேண்டுமா?

இதில்தான் கவனம் வேண்டும். கஷ்டத்துக்குப் பின்னால் என்ன காரணம் என்று பார்க்க வேண்டும்.

எண்பதுகளில் என் அண்ணன்மார் விளையாடியது டீ ரூமில். ரொட்டி, பால், பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) விற்கிற மூலைக்கடையில் ஓரமாக ஒரு மெஷின் நிற்கும். கடற்கரையில் இருந்த கேளிக்கை இடங்களுக்கு அன்றைய நிறவெறி ஆட்சியில் இந்தியப் பிள்ளைகள் நினைத்தபடி போய்விட முடியாது, அதனால் எங்கள் தெருக்களுக்கு டீ ரூம்தான் எல்லாம். நாணயம் போட்டால் ஆட்டம். மெஷினுக்கு வேண்டியது அடுத்த நாணயம். நீங்கள் சில நிமிடத்தில் தோற்றால்தான் கடைக்கு வருமானம். 'மூன்று உயிர்', 'கேம் ஓவர்' எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை. வீட்டுக் கேசட்டுகளுக்கு அவை பழக்கமாகவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. 1985-இல் வந்த கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் முழுக்க ஆடி முடித்தவரை மறுபடி முதலிலிருந்து இன்னொரு முறை ஆடச் சொல்லும். இதில் கற்க எதுவும் இல்லை என்பது என் கருத்து.

சூப்பர் மாரியோவின் இரண்டாம் பாகமாக 1986-இல் ஜப்பானில் மட்டும் வந்த கேம் அடுத்த உதாரணம். அதில் ஒரு நச்சுக் காளான் உண்டு. முதல் பாகம் எவ்வளவு அழகாகக் காளான் நல்லது என்று சொல்லிக்கொடுத்தது! இது அந்த நம்பிக்கையையே திருப்பிப் போடுகிறது. முன்னால் குதித்துப் போகும் வழி என்று நினைத்து நுழைந்தால் பழைய உலகத்துக்கே தள்ளிவிடுகிற குழாயும் உண்டு. கைதேர்ந்தவர்களுக்காகச் செய்தது அது. அமெரிக்காவுக்கு அதை அப்போது அனுப்பவில்லை, 1993-இல் ஒரு தொகுப்போடுதான் போனது. முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு அதில் சுவை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாக வருகிறவருக்கு அதைக் கொடுப்பது கொடுமை.

நான் பிள்ளைகளுக்குத் தரும் அளவுகோல் இது: செத்தவுடன் ஆட்டக்காரர் "ஐயோ, நான் பார்த்திருக்க வேண்டும்" என்று சொன்னால் லெவல் சரி. "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொன்னால் லெவலைத் திருத்த வேண்டும்.

கடினமாகவும் அன்பாகவும் ஒரு கேம் இருக்க முடியும் என்பதற்கு 2018-இல் வந்த செலெஸ்ட் சாட்சி. அதில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஒரு கண் இமைப்புக்குத் தாவ அனுமதி உண்டு. செத்தால் அதே அறையின் தொடக்கத்தில் உடனே எழுந்து நிற்கலாம். நாணயம் கேட்கிற மெஷின் இல்லாதபோது அந்தக் கருணைக்கு எந்தத் தடையும் இல்லை.

என் கேமில் தமிழில் விளக்கம் எழுத ஆசை. எழுதலாமா?

எழுதுங்கள், எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்ததிலிருந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இங்கே நம் பிள்ளைகளில் பலருக்குக் காது கேட்ட தமிழ் உண்டு, கண் படிக்கிற தமிழ் இல்லை. 'ஆயா', 'தாத்தா', 'வா', 'போ', 'பசிக்குது' எல்லாம் தெரியும், எழுத்தைக் காட்டினால் தயங்குவார்கள். அவர்களுக்கு விதிகளைத் தமிழில் எழுதிக் காட்டினால் கேமும் புரியாது, தமிழும் கசந்துவிடும்.

விதிகளை லெவல் சொல்லட்டும். தமிழை வேறு இடத்தில் வையுங்கள். என் மாணவி ஒருத்தி செய்த கேமில் கதவு திறக்கும்போது "வா" என்று பெரிய எழுத்து ஒளிரும், கூடவே அவள் பாட்டியின் குரலில் அதே சொல் கேட்கும். விளையாடிய சின்னப் பையன்கள் கதவைத் தேடித் தேடி, அந்த எழுத்தைத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அடுத்த வாரம் கரும்பலகையில் நான் 'வா' எழுதியபோது முன்பெஞ்சு முழுக்கக் கத்தியது.

எங்கிருந்து தொடங்குவது? ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

பேட்டில் சிட்டியிலிருந்து. 1985-இல் நாம்கோ வெளியிட்ட டாங்கி விளையாட்டு. மேற்கு நாடுகளில் நின்டெண்டோ கருவிக்கு அது அதிகாரபூர்வமாக வரவே இல்லை, ஆனால் நகல் கேசட்டுகள் வழியாக நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கெல்லாம் வந்துவிட்டது. கீழே நடுவில் உங்கள் கழுகுச் சின்னம், மேலே இடது, நடு, வலது என மூன்று இடங்களிலிருந்து எதிரி டாங்கிகள். ஒரு ஸ்டேஜுக்கு 20 பேர். மொத்தம் 35 ஸ்டேஜ்.

அதன் அழகு, களம் 13-க்கு 13 கட்டம்தான் என்பதில் இருக்கிறது. செங்கல் சுட்டால் உடையும். இரும்பு, முழு பலம் பெற்ற டாங்கிக்கு மட்டுமே உடையும். தண்ணீரில் டாங்கி போகாது, ஆனால் குண்டு போகும். மரத்துக்கு அடியில் ஒளியலாம். பனியில் வழுக்கும். ஐந்தே பொருள், ஐந்துக்கும் தெளிவான ஐந்து குணம். அதோடு நாமே களம் வரைகிற ஒரு வசதியும் அதில் இருந்தது. நானும் என் மாமா மகனும் அதில்தான் முதன்முதலில் லெவல் வரைந்தோம்.

பயிற்சி இது. கட்ட நோட்டில் 13-க்கு 13 சதுரம் வரையுங்கள். முதலில் செங்கலை மட்டும் வைத்து ஒரு களம் செய்யுங்கள். அடுத்து அதே களத்தில் நான்கு கட்டத்தை மட்டும் தண்ணீராக மாற்றுங்கள். ஆட்டம் எப்படி மாறும் என்று விரலால் டாங்கியை நகர்த்திப் பாருங்கள். ஆற்றின் மறுகரையில் நிற்கிற எதிரி உங்களைச் சுட முடியும், ஆனால் தொட வர முடியாது. அப்போது கழுகுக்கு முன்னால் தண்ணீர் வைப்பது பாதுகாப்பா, ஆபத்தா? இதை வைத்து என் வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடந்திருக்கிறது.

மாரியோ போல ஓடித் தாவும் கேம் வேண்டும் என்றால் வேறொரு முறை. நின்டெண்டோவின் கொய்ச்சி ஹயாஷிதா விளக்கிய நான்கு படி: ஒரு புதுப் பொருளைப் பாதுகாப்பாக அறிமுகம் செய், அதையே கொஞ்சம் கடினமாக்கு, எதிர்பாராத விதத்தில் திருப்பு, பிறகு முடித்து வை. மூன்றாம் படியில்தான் எல்லோருக்கும் பென்சில் நின்றுவிடும். நிற்கட்டும். ஒரு வாரம் ஊறப் போடுங்கள்.

வரைந்த லெவல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். "மேலே போ", "அங்கே இல்லை" என்று சொல்லத் துடிக்கிற ஒவ்வொரு இடத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடங்கள் அவைதான். என் வகுப்பில் மிகவும் கடினமான பயிற்சி இந்த மௌனம்தான்.

எந்த மென்பொருள் வேண்டும்? டேட்டா விலையும் லோட் ஷெட்டிங்கும் இருக்கிற ஊரில் இது முடியுமா?

முடியும். கேம் செய்ய உதவும் கோடோ மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் இரண்டு பரிமாண கேம்கள் ஓடும், ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமல் வேலை செய்யலாம். வரைபடத்துக்கு டைல்ட் என்ற இலவச மென்பொருள். மின்சாரம் போனால் நோட்டும் பென்சிலும். லோட் ஷெட்டிங் கடுமையாக இருந்த மாதங்களில் வகுப்பில் வந்த லெவல்கள் மற்ற நாட்களைவிட நன்றாக இருந்தன. திரை இல்லாததால் படம் அழகாக இருக்கிறதா என்ற கவலை யாருக்கும் இல்லை, இடத்தை மட்டும் யோசித்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இப்படி கேம் செய்கிறவர்கள் இருக்கிறார்களா?

தாராளமாக. கேப் டவுனில் ஃப்ரீ லைவ்ஸ் செய்த ப்ரோஃபோர்ஸ் கொன்ட்ரா மாதிரி ஓடிச் சுடுகிற கேம். ஆனால் அதில் தரையும் சுவரும் உடையும், வழியை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். அதே ஊரின் டெஸ்க்டாப் டன்ஜன்ஸ் ஒரு திரைக்குள் அடங்கும் பாதாளம். அதில் இருட்டைத் திறப்பதே ஒரு செலவு. எதை இப்போது பார்ப்பது, எதைப் பின்னால் பார்ப்பது என்று நிதானமாக யோசிக்க வைக்கும்.

எனக்கு நெருக்கமானது ஜோஹன்னஸ்பர்க்கின் நியாமாகோப் 2018-இல் வெளியிட்ட செம்ப்ளன்ஸ். தாவும் கேம்தான், ஆனால் தரை களிமண் போல. மோதினால் அமுங்கும், புடைக்கும். எட்டாத உயரத்துக்குத் தரையையே பிதுக்கி ஏறலாம். மாரியோவில் வடிவமைப்பாளர் வைத்த கட்டியை, இங்கே ஆட்டக்காரர் தன் தலையால் இடித்து வனைகிறார். பழைய பாடத்தை நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் அதை இப்படி வளைக்க முடியும்.

பழைய கேம்களை இன்று எங்கே ஆடிப் பார்ப்பது?

மாரியோ, மெட்ராய்டு போன்றவை நின்டெண்டோவின் சந்தா சேவையில் ஸ்விட்ச் கருவிக்கு வருகின்றன. டூம் கிட்டத்தட்ட எல்லாக் கருவிக்கும் விற்பனைக்கு உண்டு. கருவி இல்லாதவர்கள் யூடியூபில் யாராவது ஆடுவதை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேச்சு இல்லாமல் பார்த்தால் லெவல் பேசுவது கேட்கும்.

படிக்கிற நேரத்தில் என் மகன் இதில் மூழ்கிவிடுவானோ?

அம்மா, அப்பா, உங்கள் பயம் நியாயமானது. ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். விளையாடும்போது அவன் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பான். வரையும்போது அரை மணி நேரத்தில் களைத்துவிடுவான், ஏனென்றால் இன்னொருவர் என்ன நினைப்பார் என்று யோசிப்பது கடினமான வேலை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். தேர்வு மாதத்தில் வகுப்பையே நிறுத்திவிடுகிறேன்.

நீங்கள் சின்ன வயதில் வரைந்த லெவல்கள் இன்னும் இருக்கின்றனவா?

பேட்டில் சிட்டியில் வரைந்ததைச் சேமிக்க எங்களுக்கு வழி இல்லை. மெஷினை அணைத்தால் போச்சு. அதனால் மாமா மகன் ஒவ்வொரு களத்தையும் அணைப்பதற்கு முன்னால் கணக்கு நோட்டில் படி எடுப்பான். செங்கலுக்குக் குறுக்குக் கோடு, இரும்புக்குக் கறுப்பு, தண்ணீருக்கு அலை. அடுத்த நாள் அதைப் பார்த்து மறுபடி கட்டுவோம்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது, அட்டை போய்விட்டது. ஒரு பக்கத்தில் கழுகைச் சுற்றி நான்கு அடுக்கு இரும்பு வைத்துவிட்டு, கீழே அவன் பென்சிலில் எழுதியிருக்கிறான்: 'ரொம்ப ஈஸி. இரண்டு கட்டம் எடு.' எந்த இரண்டு கட்டம் என்று எழுதவில்லை. போன மாதம் வகுப்பில் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். பதினொரு பிள்ளைகள், பதினொரு விதமாக எடுத்தார்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.